நன்னூற் சூத்திரமும் ஒரு மாணவியும்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நன்னூலைப் பாடஞ் சொல்லி வருகின்றேன். பெயரியலிலே, பேடு என்னும் சொல்லுக்குப் பால் வகுக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அதனை எடுத்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். யானும் மேசையிலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பதவுரையை விரைந்து கூறி, அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுவேன். பொருளிலே எனக்கு ஐயம் இருந்ததில்லை. நின்று விளக்கத்தான் மனம் வந்ததில்லை. அந்தத் தவற்றின் பயனைச் சென்ற வைகாசியிலே கண்டேன்.

கண்ணகை அம்மன் குளிர்த்தி முடிந்த வாரம் அது. கோமாரியிலிருந்து ஒரு பெண்ணும் அவர் தாயாரும் என்னைத் தேடி வந்தனர். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் வயலுமாகக் கிடக்கும் சிற்றூர் கோமாரி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வாரிச்சென்ற ஊர்களுள் அதுவும் ஒன்று. சேலை உடுத்தித் தலைகுனிந்து நின்றவரை யான் அடையாளங் காணவில்லை. “ஐயா, உங்களிடம் நன்னூல் படித்த பிள்ளைதான்” என்று தாயார் பழைய பெயரைச் சொன்னார். அப்பெயருக்குரியவன் ஒரு மாணவன். கையெழுத்து முத்துப் போன்றவன். தம்பி என்று அழைப்பதா, மகள் என்று அழைப்பதா என்று அறியாமல், “இருங்கள்” என்று மரியாதைப் பன்மையிலே சொல்லித் தப்பிக்கொண்டேன்.

“ஐயா அந்தப் பேடுச் சூத்திரத்தைப் படிப்பித்த அன்றைக்கு நானும் வகுப்பில் இருந்தேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அதை மனப்பாடஞ் செய்தேன்” என்றார் அவர்.

அவர் வந்த காரியம் வேறு. கொழும்பிலே தொழில் பார்த்துக்கொண்டு, வைத்தியரின் மேற்பார்வையில் ஓமோன் மருந்து எடுத்து வருகிறார். பெண்ணுடலாக மாறுவதற்கான சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாகின்றார். அதற்கு முன் வைத்தியர் சில வினாக்களைக் கேட்டிருக்கிறார். உடலின்பம் இப்பொழுது எவ்வாறிருக்கிறது, எதனை இழக்க அஞ்சுகிறீர், எதனைப் பெற விரும்புகிறீர் என்பன அவை. இவர் எல்லாவற்றுக்கும் “தெரியாது” என்றே விடை கூறிவிட்டார். “தெரியாமல் இல்லை, ஐயா. தமிழில் அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் ஏச்சுச் சொற்கள். அவற்றைக் கொண்டு என் உடம்பை நானே எப்படிச் சொல்வது?” என்றார்.

காமத்துப்பாலையும் அகத்திணையையும் போற்றும் மொழியிலே வளர்ந்த ஒருவர், தம் உடலைப் பற்றி வைத்தியரிடம் பேசச் சொல்லின்றி வந்து நிற்கிறார். அவருக்குச் சொல் கற்பித்திருக்க வேண்டியவன் யான். இக்கட்டுரை அந்தக் கடனை ஓரளவு தீர்க்கும் முயற்சி.

இலக்கணம் கூறுவது

தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயரை உயர்திணையின்பாற் சேர்த்துப் பேசுகின்றார். அப்பெயர் ஆண்பால் உணர்த்தும் ஈற்றைக் கொண்டு முடிதல் பொருந்தாது என்றும் பின்னர்த் தனியே விதிக்கின்றார். பேடி வந்தாள் எனலாம், பேடியர் வந்தார் எனலாம், பேடி வந்தான் எனலாகாது.

பவணந்தியார் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை அவாவும் பேடு ஆண்பால் என்றும், ஆண் தன்மையை விட்டுப் பெண் தன்மையை அவாவும் பேடு பெண்பால் என்றும் அவர் வகுத்தார். இங்கே பாலைத் தீர்மானிக்கும் வினை அவாவுதல். உறுப்பைக் கண்டு பால் கொள்க என்று அவர் கூறவில்லை. இன்று நாம் திருநங்கை என்போரும் திருநம்பி என்போரும் ஆகிய இரு திறத்தாரும் அவ்விதியினுள் அடங்குவர்.

ஆயினும் முன்னோரின் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை மறைத்தல் நேர்மையாகாது. அதே சூத்திரம் இவ்விரு வகையினரையும் அஃறிணை போலவும் வழங்கலாம் என்று முடிகின்றது. திருவள்ளுவரும் பயனற்ற கல்விக்கும் முயற்சியில்லாதவனின் வேளாண்மைக்கும் பேடியின் கைவாளை உவமையாக்கினார். சிலப்பதிகாரக் கடலாடு காதையிலே மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று, வாணன் நகரிலே காமன் ஆடிய பேடியாடல். மணிமேகலையிலோ புகார் வீதியில் ஆடும் பேடியைச் சூழ்ந்து நின்று மக்கள் வேடிக்கை பார்க்கின்றனர். அரங்கில் ஏறிய ஆடல் கலையாயிற்று; வீதியில் நின்றவர் வேடிக்கைப் பொருளானார். கல்முனைக்கு அண்மையிலுள்ள பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்கு விழாவெடுத்துப் பாரதக் கதையைக் கொண்டாடும் நாம், பேடியுருக் கொண்டு விராடன் நகரிலே ஆடல் பயிற்றிய அருச்சுனனைக் கைகூப்பி வணங்குகின்றோம். தெருவிலே அவ்வுருவில் வருபவரைக் கண்டால் கைகொட்டிச் சிரிக்கின்றோம்.

வைத்தியர் ஏன் கேட்கின்றார்?

சத்திரசிகிச்சைக்கு வந்தவரிடம் இன்பத்தைப் பற்றிக் கேட்பது எதற்கு என்று தாயார் என்னை வினவினார். வைத்திய நண்பர் ஒருவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் யான் தெளிந்தவற்றை இங்கே தருகின்றேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலிலே, பாலடையாளமும் உடலும் ஒவ்வாத நிலை முன்பு மனநோய்களின் பிரிவில் வைக்கப்பட்டிருந்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம், அதனை அங்கிருந்து எடுத்துப் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்திலே வைத்தது. திருநர் நலம் பற்றிய உலக வல்லுநர் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறைகளிலும் பாலியல் நலத்துக்கெனத் தனி அத்தியாயம் உண்டு. இன்பம் என்பது சிகிச்சை முடிந்தபின் நினைத்துப் பார்க்க வேண்டிய ஆடம்பரம் அன்று; சிகிச்சையைத் தெரிவு செய்யும்போதே கருத வேண்டிய பொருள் என்பது இதனாற் பெறப்படும்.

பால்மாற்றத்தை நாடுவோருட் பலர் தம் உறுப்பையே வெறுத்து, பிறர் தொடுவதற்கும் இடங்கொடாது வாழ்கின்றனர். சிலர் அவ்வுறுப்பாலேயே இன்பம் பெறுகின்றனர். இருவரும் உண்மையே கூறுகின்றனர். உறுப்பால் இன்பம் பெறுபவர் பெண்ணாகார் என்று கருதி முற்காலத்து வைத்தியர் சிலர் அவரை விலக்கினர். அதனால் அந்நாளைய திருநங்கையர் பலர், சிகிச்சை கிடையாமற் போய்விடும் என்று அஞ்சி, இன்பமே அறியோம் என்று பொய் கூற நேர்ந்தது. இன்றும் அவ்வச்சம் நீங்கியபாடில்லை. என் மாணவியின் “தெரியாது” என்னும் விடையிலும் அதன் சாயல் உண்டு.

ஓமோனும் வேட்கையும்

திருநங்கையர் ஈஸ்திரஜனையும், ஆண் ஓமோனை அடக்கும் மருந்தையும் எடுப்பர். முதற் சில திங்கள்களிலேயே வேட்கை தணிதலும், உறுப்பு தானே எழுதல் குறைதலும் காணப்படும். விதைகள் சிறுக்கும், விந்து குன்றும். இக்குறைவு மீளாததாகவும் அமையலாம். ஆகையால் தமக்கென ஒரு பிள்ளை வேண்டும் என்று எண்ணுவோர், மருந்து தொடங்கும் முன்னரே விந்தைச் சேமித்து வைத்தல் பற்றிக் கேட்டறிதல் வேண்டும். திருநம்பியர் தெஸ்தெஸ்தரோன் எடுக்கும்போது வேட்கை பெரும்பாலும் மிகும். மாதவிடாய் சில திங்கள்களில் நிற்கும். யோனியின் உட்புறம் மெலிந்து வறண்டு நோவு தரலாம். மாதவிடாய் நின்றமையாற் கருத்தரியாது என்று எண்ணுதல் தவறு. அம்மருந்து கருத்தடை மருந்தன்று.

கெண்ட், ஆம்ஸ்டர்டாம் முதலிய ஐரோப்பிய நகரங்களின் வைத்திய நிலையங்கள் கூடி ஆண்டுக்கணக்கில் நடத்திய தொடராய்வு ஓர் ஆறுதலான செய்தியைத் தருகின்றது. திருநங்கையரிடம் தொடக்கத்திலே தாழ்ந்த வேட்கை காலப்போக்கில் மீண்டது; திருநம்பியரிடம் தொடக்கத்திலே மிகுந்தது பின்னர்ப் பழைய நிலைக்கு வந்தது. எனவே, மருந்து தொடங்கிய மூன்றாம் மாதத்து நிலையை வைத்து வாழ்நாள் முழுவதையும் அளந்துவிடலாகாது.

சத்திரசிகிச்சைக்குப் பின்

ஐரோப்பாவிலே 1930ஆம் ஆண்டளவில் தொடங்கிய இச்சிகிச்சைகளின் முதல் வரலாறு துயரமானது. டென்மார்க்கு நாட்டு ஓவியராகிய லில்லி எல்பே, தொடர்ந்து செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளுள் இறுதியானதைத் தாங்காது 1931இல் திரெஸ்டனிலே மாண்டார். முதல் உலகப் போரில் முகஞ் சிதைந்த வீரர்களுக்குச் சதையெடுத்து முகம் அமைத்த ஹரோல்ட் கில்லிஸ், அதே தோற்குழாய் முறையைக் கொண்டு 1946 முதல் 1949 வரை படிப்படியாக மைக்கேல் டில்லன் என்னும் திருநம்பிக்கு ஆணுறுப்பு அமைத்தார். அந்த டில்லன் பிற்காலத்திலே பௌத்தத் துறவை நாடி இந்தியாவுக்கு வந்து, 1962இல் டல்கௌசியிலே காலமானார். மொரோக்கோ நாட்டுக் காசாபிளாங்காவிலே ஜோர்ஜ் பூரு என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1956இல் ஆணுறுப்பின் தோலை உட்புறமாகத் திருப்பி யோனி அமைக்கும் முறையைச் செய்துகாட்டினார். அதன் வழித்தோன்றல்களே இன்று பெருவழக்கில் உள்ளன.

முன்னர்த் தோற்றமே நோக்கமாக இருந்தது. பின்னரே உணர்ச்சியைக் காப்பது நோக்கமாயிற்று. இன்றைய முறையிலே, உறுப்பின் நுனியில் ஒரு பகுதி அதன் நரம்பும் குருதிக்குழாயும் அறாதவாறு எடுக்கப்பட்டு, பெண்ணின் இன்ப மொட்டின் இடத்தில் வைக்கப்படுகின்றது. சிகிச்சைக்குப் பின் இன்பத்தின் உச்சத்தை அடைகின்றோம் என்று பெரும்பாலோர் கூறுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லோர்க்கும் அது வாய்க்கும் என்று எந்த வைத்தியரும் உறுதி கூறார். வாய்ப்பவர்க்கும் மாதங்கள் பல செல்லலாம். புதிய உடலை அறிதல் புதிய எழுத்தைப் பழகுதல் போன்றது.

அறிந்துகொள்ள வேண்டியவை இன்னும் உள. தோலால் அமைந்த யோனி தானே போதிய அளவு நனையாது. குடலின் ஒரு பகுதியால் அமைத்தால் நனைவு உண்டு. ஆனால் அதற்கு வயிற்றுச் சத்திரசிகிச்சை வேண்டும். அமைத்த வழி தூர்ந்துவிடாதிருக்க, விரிகருவியை முதலில் நாடோறும் பலமுறையும் பின்னர்க் குறைத்தும் நீண்ட காலம் இட்டு வருதல் வேண்டும். ஒரு சிற்றறையிலே பலரோடு தங்கி வாழ்பவர்க்கு அந்தத் தனிமை எங்கே கிடைக்கும் என்பதையும் முன்னரே எண்ணுதல் தகும். ஆழமான வழி வேண்டாதவர்க்கு வெளியுறுப்பு மட்டும் அமைக்கும் எளிய சிகிச்சையும் உண்டு. ஒருவர் என்ன விரும்புகிறார் என்பதைச் சொன்னாலன்றி வைத்தியர் எதனைத் தெரிவது? வழி ஒடுங்குதல், மலக்குடலோடு துளை விழுதல், சிறுநீர் வழி சுருங்குதல் ஆகிய கேடுகளும் நேரக்கூடும். புரோஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருப்பதால், முதுமையிலே அதனைச் சோதிக்க வேண்டும் என்பதை மறத்தலாகாது. எச்.ஐ.வி. முதலிய தொற்றுகள் புதிய யோனியையும் விடா. ஆணுறை அங்கும் வேண்டும். அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே இச்சோதனைகள் இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகின்றன.

திருநம்பியர்க்கு இரு வழிகள் உள. ஓமோனால் வளர்ந்த மொட்டை விடுவித்துச் சிறிய உறுப்பாக்குதல் ஒன்று; அதில் உணர்ச்சி நன்கு நிலைக்கும். முன்கை முதலிய இடங்களிலிருந்து தோலும் நரம்பும் எடுத்துப் பெரிய உறுப்பு அமைத்தல் மற்றொன்று. அது பல கட்டங்களில் முடிவது, சிறுநீர் வழியிலே சிக்கல்கள் மிகுந்தது, எழுச்சிக்குச் செயற்கைக் கருவி வேண்டுவது.

தமிழகத்திலும் எம் நாட்டிலும்

மறைவாகச் செய்த முறை ஒன்று நெடுங்காலம் வழக்கிலிருந்தது. நிர்வாணம் என்று திருநங்கையர் அதனை வழங்குவர். தாயம்மா எனப்படும் மூத்தவர் மயக்க மருந்தின்றி உறுப்பையும் விதையையும் அறுத்துவிடுவார். பிழைத்தவர் பெண்ணாக மதிக்கப்பட்டார். பிழையாதவரைப் பற்றி எவரும் முறையிடவில்லை. அங்கே யோனி அமைக்கப்படுவதில்லை. இன்ப உணர்ச்சியைக் காக்கும் எண்ணமும் இல்லை. விதை நீங்கியபின் ஓமோன் மருந்தும் எடாதவர்க்கு எலும்பு மெலியும். சிறுநீர்த் துவாரம் சுருங்கி வருத்தும். இவ்வாழ்வை வெளியிலிருந்து கண்டு சு. சமுத்திரம் 1994இல் ‘வாடாமல்லி’ நாவலை எழுதினார். உள்ளிருந்து லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வும், ரேவதியின் ‘வெள்ளை மொழி’யும் வந்தன. ஆசிரியர் கல்லூரி நூலகங்களிலே இவை இருத்தல் வேண்டும்.

தமிழக அரசு 2008 ஏப்பிரல் 15இல் நலவாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளிலே கட்டணமின்றிச் சத்திரசிகிச்சை பெறவும் வழிசெய்தது. இந்திய உயர்நீதிமன்றங்களுக்கு மேலான உச்ச நீதிமன்றம் 2014 ஏப்பிரல் 15இல், தம் பாலைத் தாமே தீர்மானிக்கும் உரிமை ஒருவர்க்கு உண்டு என்றும், அதற்குச் சத்திரசிகிச்சையை நிபந்தனையாக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. 2019 ஏப்பிரலிலே சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருநங்கை ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்யப் பணித்தது. அதே தீர்ப்பில், ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்தறியவியலாத உறுப்போடு பிறந்த குழந்தைகளின் உடலிலே தேவையின்றிக் கத்தி வைத்தலையும் விலக்கச் சொன்னது. இவ்விரண்டும் ஒரு தீர்ப்பில் வந்தது பொருத்தமே. உடல் யாருடையதோ அவர் விரும்பிக் கேட்டால் சிகிச்சை. அவர் அறியாப் பருவத்திலே பிறர் விருப்பத்துக்குச் செய்வது வெட்டு.

எம் நாட்டிலே 2016 முதல், மனநல வைத்தியர் வழங்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் திருத்திக்கொள்ளலாம். என் மாணவியிடம் அச்சான்றிதழ் உண்டு. அதைப் பெறுவதற்கும் தமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்திலேயே தம் வாழ்க்கைக் கதையைச் சொல்ல நேர்ந்தது என்றார்.

எம் கரையிலே அடுத்தடுத்து வாழும் முஸ்லிம் மக்களின் சட்ட நூல்களிலும் இவ்வாராய்ச்சி பழையது. ஆணோ பெண்ணோ என்று துணியவியலாதவரைக் குன்ஸா என வகுத்து, தொழுகைக்கும் வாரிசுப் பங்குக்கும் அவர்க்குரிய விதிகளை அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 1988இல் எகிப்தின் முப்தியாயிருந்த செய்யித் தந்தாவி, அல்-அஸ்ஹர் மாணவர் ஒருவரின் வழக்கை ஒட்டி, நம்பகமான வைத்தியர் சிகிச்சையாக விதித்தால் செய்யலாம், வெறும் விருப்பத்துக்காகச் செய்தலாகாது என்னும் கருத்தில் தீர்ப்புரை வழங்கினார். ஈரானிலே கொமெய்னி இதற்கு வெளிப்படையாகவே அனுமதி அளித்தார். மாறுபடும் உலமாக்களும் பலர். முடிவு எதுவாயினும், இக்கேள்வி கேட்கத்தகாதது என்று அச்சமய அறிஞர் ஒதுக்கிவிடவில்லை என்பதே யான் இங்கே குறிப்பது.

எழுதிய வினாக்கள்

அன்று மாலை நானும் அவரும் திண்ணையில் இருந்து, வைத்தியரிடம் சொல்ல வேண்டியவற்றையும் கேட்க வேண்டியவற்றையும் தமிழிலே எழுதினோம். ஆணுறுப்பு, விதை, யோனி, எழுச்சி, நனைவு, உச்சம் எனப் பழிச்சுவை இல்லாத சொற்களைத் தேடி வைத்தோம். இப்பொழுது எனக்கு இன்பம் உண்டா, எவ்வாறு. உணர்ச்சி குறைந்தால் என்ன செய்வது. எனக்கு ஆழமான வழி வேண்டுமா. நோவு வந்தால் யாரிடம் செல்வது. ஊருக்குத் திரும்பியபின் என்னை யார் பார்ப்பார்? முதற் சொல்லை எழுதும்போது என் கை நடுங்கியது. பத்தாவது சொல்லில் அது வெறும் சொல்லாயிற்று.

தாயார் தூணோரம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இறுதியிலே, “இவ்வளவும் செய்தபிறகு இந்தப் பிள்ளைக்கு ஒரு சந்தோஷம் கிடைக்குமா, ஐயா?” என்றார். இன்பம் எல்லா உயிர்க்கும் உரியது, மனம் அமர்ந்து விரும்பும் இடத்தில் வருவது என்று தொல்காப்பியர் பொருளியலிலே கூறியிருக்கிறார் என்றேன். எல்லா உயிர் என்றவர் விலக்கு எதனையும் கூறவில்லை. அவ்வம்மைக்கு அது போதிய விடையன்று என்பதை அறிவேன். வைத்தியர் தரவேண்டிய விடையை இலக்கணம் தரவியலாது. கேட்பதற்கு மொழியைத் தரலாம். அவ்வளவே எம் தொழில்.

இதை வாசிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் கலைச்சொற்றொகுதிகள் கண்ட நாடு இது. உடலின்பத்தைக் கூசாமற் கூறும் சொற்றொகுதி ஒன்றையும் வைத்தியரும் தமிழாசிரியரும் திருநங்கையரும் திருநம்பியரும் கூடி ஆக்கல் வேண்டும். அதுவரை வகுப்பறையிலே அந்தச் சூத்திரத்தையாவது நின்று படிப்பிப்போம். சென்ற மாதம் யான் அதனை ஒரு பாடவேளை முழுவதும் எடுத்தேன். வழக்கம்போற் சிரிப்பு எழுந்தது. மேசையைத் தட்டவில்லை. அவாவுதல் என்றால் என்ன என்று சிரித்தவனையே கேட்டேன். “ஆசைப்படுதல்” என்றான். எவர் ஆசைப்படுதல் என்று கேட்டேன். சற்று யோசித்து, “அவரே” என்றான்.

கோமாரிக்குப் புறப்படும் வேளையில் அவர் என் காலைத் தொட்டார். “போய் வாருங்கள், மகள்” என்றேன். பெயரியலின்படி அதில் பிழையில்லை.